தென்னையைப் பார்த்து மாட்டிய ஸ்கோப்

ருக்மணியக்காவின் மாட்டுக் கொட்டகைத் தண்ணீர் டேங்கில் ஒரு ஓட்டை. சுண்டுவிரல் நுழையும் அளவுதான். போன வாரம் அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

ஓட்டையைப் போட்டது என் மச்சானின் ரைஃபிள். மனைவியின் அண்ணன். மீனாட்சிபுரத்தில், ருக்மணியக்காவின் தோட்டத்துக்கு அடுத்து, தோப்பும் கடலைக் காடும் வைத்திருக்கிறார். காட்டுப்பன்றிகளைச் சுட பஞ்சாயத்து அனுமதித்திருக்கிற லைசென்ஸ்காரர்களில் ஒருவர். நியாயமான வேலைதான் – அரை ஏக்கர் கடலையை உழுதுவிட்டுப் போகிற ஜந்துவை வேறு என்ன செய்வது?

ஆனால் குறி பார்க்க ரைஃபிள் மேல் வைக்கிற தொலைநோக்கியை, அந்தப் புது ஸ்கோப்பை, மாட்டிய லட்சணம் இருக்கிறதே...

வாசலில் கட்டிலைப் போட்டு, ரைஃபிளைத் தலையணை மேல் வைத்து, டிராக்டர் ஸ்பேனர் பெட்டியைத் திறந்தார். நானும் பக்கத்தில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்கோப்புக்குள் கூட்டல் குறி மாதிரி கோடு தெரியும். அது நிமிர்ந்து நிற்க வேண்டும். எதை வைத்து நேர் பார்த்தார் தெரியுமா? எதிரே நின்ற தென்னை மரத்தை! கிணற்றுப் பக்கம் சாய்ந்து வளர்ந்த மரம். கோடு மரத்தோடு ஒட்டியதும் ஒரு பக்க ஸ்க்ரூவை முழு மூச்சாக முறுக்கினார். அப்புறம் மறுபக்கம். அத்தோடு சரி. அட்டை வைத்து ஒரு தடவைகூடச் சுட்டுப் பார்க்கவில்லை.

"தோட்டாவ எதுக்கு மாப்ள வீணாக்கோணும்? பன்னி மேலயே பாத்துக்கலாம்."

பார்த்தார். மறுநாள் சாயங்காலம் வேலியோரம் பன்றி வந்தது. சுட்டார். பன்றி ஓடிவிட்டது. ரைஃபிள் உதைத்ததில் ஸ்கோப் பின்னால் வந்து அவர் புருவத்தைக் கிழித்தது – கண்ணுக்கும் அதற்கும் நடுவே நாலு விரல் இடம் விடவில்லை. தோட்டா? வேலி தாண்டி, அக்காவின் டேங்கில்.

தையல் போட்ட புருவத்தோடு அவர் சொன்ன முதல் வார்த்தை: "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் மாப்ள." விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் சொன்னது: "பன்னிக்கு ஆயுசு கெட்டி."

பன்றிக்கா?!

இதே மனிதர் வீடு கட்டும்போது, சுவர் அரை விரல் சாய்ந்துவிட்டது என்று கொத்தனாரை இரண்டு தடவை இடிக்க வைத்தவர். நம் சுவர் என்றால் கயிற்றில் தூக்குக்குண்டு கட்டி நேர் பார்ப்போம். அடுத்தவர் பக்கம் போகிற தோட்டா என்றால் மட்டும் கண் திட்டம் போதுமா?

ரைஃபிள் கிளப்புக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே பயிற்சியாளர் முதலில் உள்ளே தோட்டா இல்லையே என்று இரண்டு முறை பார்த்தார். ரசமட்டம் வைத்து ரைஃபிளைச் சமமாக்கினார். தூரத்தில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்தக் கயிற்றோடு கோட்டைச் சேர்த்தார். ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பிறகு மண்மேட்டுக்கு முன்னால் அட்டை வைத்துச் சுடச் சொன்னார். முதல் தோட்டா ஒரு முழம் தள்ளிப் போனது. ஸ்கோப்பின் திருகைத் திருப்பி, சுட்டு, மறுபடி திருப்பி... ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"ஸ்கோப் பன்னியைத்தான் பெருசா காட்டும். அதுக்குப் பின்னால யார் இருக்காங்கன்னு நீங்கதான் பார்க்கணும்" என்றார்.

திரும்பும் வழியில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். மச்சான் தென்னை மரக் கதையை ஒளிக்காமல் சொன்னார். புது டேங்க் வாங்கித் தருவதாகவும் சொன்னார். அக்கா பால் கறக்கிற பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஓட்டை அவர் காதுக்கு நேராக இருந்தது.

"தெனமும் அந்நேரத்துக்கு இங்கதானுங்க உக்காந்திருப்பேன். அன்னிக்குக் கன்னுக்குட்டி கயித்த அறுத்துட்டு ஓடுச்சு. புடிக்க எந்திரிச்சேன்."

அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் சாய்ந்து நின்ற மரத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்தத் தென்ன நேரா நிக்குதுன்னு யாருங்க சொன்னது?"

மச்சான் என்னைப் பார்த்தார்.

அன்று டீயை உறிஞ்சிக்கொண்டே, மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கரெக்டா இருக்கு மச்சான்" என்று சொன்னது நான்தான்.