அந்தத் துயரம் நான்தான்

எலும்பு முறிவு வார்டில் பத்தொன்பது வருடமாக உதவியாளாக இருப்பவளுக்கு நர்சுகள் வைத்த பெயர் மின்னல். எழுந்திருக்க முடியாத நோயாளியைக் கட்டிலில் வைத்துக்கொண்டே விரிப்பை மாற்றிவிடுவாள். எல்லாம் முடிந்த பிறகு, "எப்பம்மா மாத்தப்போறே?" என்று கேட்டவர்களும் உண்டு.

அவள் தங்கை மகள் சினிமாக் கல்லூரியில் கடைசி வருடம் படித்தாள். அவளுடைய குறும்படம் இந்த வேலையோடுதான் தொடங்குகிறது. "நீயே செஞ்சு காட்டு பெரியம்மா. சோதனைக்கு ஒரு தடவை எடுக்கிறோம். எங்க சார் பாத்துட்டுச் சரின்னாத்தான் மேற்கொண்டு எடுக்க முடியும்."

மின்னல் தன் விடுமுறை நாளில் போனாள். காலி வகுப்பறையில் இரும்புக் கட்டில் போட்டு, ஒரு மாணவனைக் காலில் கட்டோடு கிடத்தியிருந்தார்கள். அவனை ஒருக்களித்துப் புரட்டி, பழைய விரிப்பை முதுகுவரை சுருட்டி, புதியதைப் பாதி விரித்து, மறுபக்கம் உருட்டி, பழையதை உருவி எடுத்தாள். பையன் கூச்சத்தில் நெளிந்தான்.

"கால் ஒடிஞ்சவன் இப்படி இளிக்க மாட்டான்டா. பேசாம கிட."

பிறகு தங்கை மகள் தயங்கிக்கொண்டே, "இன்னும் ஒண்ணே ஒண்ணு. சுவத்துல சாஞ்சு உக்காந்து ஜன்னலைப் பாரு. சும்மாதான்" என்றாள். பிள்ளை கேட்கிறதே என்று உட்கார்ந்தாள். வெயில் முகத்தில் அடித்துக் கண்ணில் நீர் கோத்தது.

அடுத்த வாரம் ஆசிரியர் அதை மதிப்பிடும் நாள். மின்னலும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முதலில் அவள் வேலை செய்தது செய்தபடியே ஓடியது. அடுத்து அதையே வேறுவிதமாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். அவள் கைகள் தண்ணீருக்குள் அசைவதுபோல மெதுவாக அசைந்தன. வயலின் அழுதது. கடைசியில் சுவரோரம் கண்கலங்கிய அவள் முகம்.

"ரெண்டாவதுதான் படம்" என்றார் ஆசிரியர். "முதல்ல இருக்கிறது வெறும் வேலை. கையெல்லாம் வேண்டாம், எடுத்துடுங்க. அந்த முகத்துல இருக்கிற துயரம் போதும்."

மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். மின்னலுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழுந்து நின்றாள்.

"சார், அந்தத் துயரம் நான்தான்."

எல்லாத் தலையும் திரும்பியது.

"அது துயரமில்ல சார், வெயில். கையை வெட்டிட்டு மூஞ்சியை மட்டும் வெச்சுக்கிறீங்களே, மூஞ்சியா விரிப்பை மாத்துச்சு? நான் சுவத்தோரம் உக்காந்து அழுதா, இடுப்பு ஒடிஞ்சவரை யாரு புரட்டுறது?"

"இல்லம்மா, உங்க மேல இருக்கிற பரிதாபத்துலதான்..."

"அதைத்தான் சார் வேண்டாங்கிறேன்."

வெளியே வந்ததும் தங்கை மகள் சீறினாள். "மானத்தை வாங்கிட்டியே! அவர்தானே மார்க் போடணும்?"

"உன்னையும்தான் கேக்கிறேன். கூசின கண்ணுக்கு வயலின் போட்டது யாரு?"

அவள் விருட்டென்று போய்விட்டாள். மறுநாள் தங்கை போனில் பொரிந்து தள்ளினாள். "பிள்ளை படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே அக்கா!" மின்னல் ஒரு வார்த்தையும் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் ஒன்பது நாள் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு போன்கூட வராதது முள்ளாகக் குத்தியது.

பத்தாம் நாள் காலை வார்டு வாசலில் தங்கை மகள் நின்றாள். கையில் கேமரா இல்லை. மின்னல் ஆறு கட்டில் மாற்றி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"திருப்பும்போது அவங்க காதுகிட்ட என்னமோ சொல்றியே, என்ன பெரியம்மா?"

"'மூச்சை இழுத்துக்கோ, என் தோளைப் பிடிச்சுக்கோ'ன்னு. அன்னைக்கும் சொன்னேனே, கேக்கலையா?"

"வயலின்ல அமுங்கிடுச்சு" என்றாள் பெண், தரையைப் பார்த்துக்கொண்டு.

படம் முடிந்தபோது அதில் கைகள் இருந்தன, அந்தக் குரல் இருந்தது, வயலின் இல்லை. ஆசிரியர் 'உணர்ச்சி போதவில்லை' என்று எழுதி மார்க்கைக் குறைத்துவிட்டதைத் தங்கை மகள் வார்டுக்கு வந்து சொன்னாள்.

"போதலையாமா?" மின்னலுக்கு மறுபடியும் மூக்கு விடைத்தது. "அந்த ஆளு ஒரு நாள் கால் ஒடிஞ்சு எங்க வார்டுக்கு..." என்று தொடங்கியவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வேண்டாம், நல்லா இருக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு, ஏழாம் கட்டிலுக்கு விரிப்பை எடுத்துக்கொண்டு போனாள்.