சாதுவும் முரடனும், நடுவில் ஒரு வலது காலும்

டிப்போவில் அவருக்குப் பெயர் சடன். சடன் பிரேக் என்பதன் சுருக்கம். இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டி ஒரு நாய்க்குட்டியைக்கூட அடித்ததில்லை என்று மார்தட்டிக்கொள்வார். முன்சீட்டுக் கம்பியில் முட்டி எத்தனை பயணிகளுக்கு நெற்றி வீங்கியது என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. அப்பேர்ப்பட்ட வலது காலுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் நடந்து, மனிதர் வீட்டோடு முடங்கினார். டிப்போ டாக்டர் முன்னால் பிரேக்கை ஒரு நிமிடம் விடாமல் மிதித்துக் காட்டினால்தான் மறுபடியும் ஸ்டீயரிங். இல்லாவிட்டால் டிப்போ வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டி நம்பரை எழுதும் வேலை.

"அதுக்கு நான் செத்தே போகலாம்" என்றார் மனைவியிடம்.

அந்த அம்மா அதே டிப்போவில் கண்டக்டர். "டீ ஆறுது. குடிச்சிட்டுச் சாவுங்க" என்றார்.

பிசியோதெரபிப் பெண் சோப்பு டப்பா அளவில் இரண்டு மின்சார மெஷின்களைக் கொடுத்தாள். இரண்டுக்கும் வயர் உண்டு, தோலில் ஒட்டும் பட்டை உண்டு. "இது வலிக்கு. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், வலி மட்டுப்படும், அவ்வளவுதான். சதை வளர்க்காது. இன்னொண்ணு தொடைச் சதையைப் பிடிச்சு இழுக்கும். அது இழுக்கும்போது நீங்களும் சேர்ந்து காலைத் தூக்கணும் அங்கிள். அதுதான் முக்கியம்."

சடன் தலையை ஆட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. காதில் விழுந்ததா என்பது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் மெஷினுக்குச் சாது என்றும் இரண்டாவதற்கு முரடன் என்றும் பெயர் வைத்தார். சாது தங்கமான பிள்ளை. போட்டால் கண் சொக்கும். முரடனைப் போட்ட அன்று தொடை தானாக விறைத்து, கால் எகிறி, எதிரே இருந்த ஸ்டூலை உதைத்துத் தள்ளியது. "ஐயையோ, என் காலை என்னைக் கேக்காம எவனோ ஓட்டுறான்!" என்று அலறினார். அதற்கப்புறம் முரடனின் கரண்ட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, தான் பாட்டுக்குப் பேப்பர் படித்தார். வண்டி ஓட்டத்தான் அவன் இருக்கிறானே, நாம் வேறு எதற்கு மிதிக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி.

ஆறு வாரம் இப்படியே ஓடியது. பரிசோதனை நாளன்று சாதுவை ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்து போய் பிரேக்கை மிதித்தார். இருபதாவது நொடியில் கால் வெடவெடத்தது. முப்பதில் பெடலை விட்டு நழுவியது.

"வலிக்குதா?" என்றார் டாக்டர்.

"துளிகூட இல்ல சார்!"

"வலியைத் தொலைச்சிட்டீங்க, சரி. சதை எங்கய்யா?" டாக்டர் டேப் வைத்து அளந்தார். வலது தொடை இடதைவிட நாலு சென்டிமீட்டர் குறைவு. "இன்னும் ஒரே ஒரு தடவை. ஆறு வாரம். அன்னைக்கு எந்த மெஷினையும் போட்டுக்கிட்டு வரக்கூடாது."

அன்று சடன் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதார், வாய்விட்டே அழுதார். கண்டக்டரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அந்த முரடன் இழுக்கும்போது நீங்க என்ன பண்ணீங்க?"

"பேப்பர் படிச்சேன்."

"அடப் பாவி மனுஷா! ஊரையே ஏத்திக்கிட்டு ஓட்டினவரு, சொந்தக் கால்ல பயணியா உக்காந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

மறுநாள் காலை முரடனின் கரண்ட்டை ஏற்றிவிட்டு, அந்த அம்மா தன் விசிலை எடுத்தார். இரண்டு விசில். அடுத்த கணம் சடனின் கால் எழும்பியது. ஒரு விசில், இறங்கியது. டாக்டர் பேச்சோ பிசியோ பேச்சோ ஏறாத மண்டை அது. ஆனால் விசிலுக்குத் தூக்கத்தில்கூடக் கட்டுப்படும். முரடன் இழுக்க, விசில் அடிக்க, சடன் பல்லைக் கடித்துத் தூக்க, காலையும் மாலையும் வீடு அமர்க்களப்பட்டது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "பஸ் எங்க போகுது, நானும் ஏறிக்கவா?" என்று கேட்டார். நாலாவது வாரத்தில் முரடன் இழுப்பதற்கு முன்பே கால் எழும்பத் தொடங்கியது.

இரண்டாவது பரிசோதனைக்குச் சாது இல்லை, முரடன் இல்லை. கண்டக்டரம்மாவுக்கு டியூட்டி, அவரும் இல்லை. சடன் மிதித்தார். நாற்பதாவது நொடியில் முழங்காலில் சுரீர் என்றது. சட்டை நனைந்துவிட்டது. தொடை மட்டும் கல்லாக நின்றது.

"வலிக்குதா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. "வலிக்குது சார். உயிர் போகுது. ஆனா மிதிக்கிறது நான்தான்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் தாண்டிப் பத்து நொடி ஆகியிருந்தது. தாளில் கையெழுத்துப் போட்டார். "முடிஞ்சுது. காலை எடுங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் சார்" என்றார் சடன்.