வலது கைக்குச் செய்த கத்தி

கத்தி விற்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு: விற்ற கத்தி நன்றாக வெட்டினால் ஒருவரும் வந்து சொல்வதில்லை, வெட்டாவிட்டால் தெருவே திரண்டு வரும். ஏதாவது ஒரு கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவராக இருந்தால் உங்களுக்கு இது புரியும். மலையாளக் கரையில், மட்டாஞ்சேரி கொச்சங்காடியில், மிளகுக் கிடங்குகளுக்கு நடுவே எனக்குக் கத்திக்கடை. எழுபதுகளும் எண்பதுகளும் எனக்கு அந்தக் கடையிலேயே போயின. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவன் என்பதால் எல்லோருக்கும் நான் அண்ணாச்சி. அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்பது சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அரிவாள்மனை, வெட்டுக்கத்தி, சாணைக்கல் இவைதான் வியாபாரம். கப்பல் சமையல்காரர்கள் மூலமாக எப்போதாவது ஜப்பான் கத்திகளும் வரும். அவற்றில் மீன் வெட்டும் கத்தி தனி ரகம். வலது பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டியிருக்கும், இடது பக்கம் தட்டை. அந்தத் தட்டைப் பக்கத்தில்தான் கடினமான எஃகு, மற்றதெல்லாம் மெத்தென்ற இரும்பு. வலது கைக்காரர் பிடித்தால் முள்ளை ஒட்டியே போகும். இடது கைக்காரர் பிடித்தால் இஷ்டத்துக்கு விலகி ஓடும். ஆகவே ஜப்பான் கத்தி கேட்டு வருகிறவர்களிடம், என்ன வெட்டுவீர்கள் என்பதற்கு முன்னால், எந்தக் கை என்று கேட்பேன். இவனுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்ப்பார்கள்.

தேங்காய்

நாலு கடை தள்ளி ஹம்சா இக்காவின் சாப்பாட்டுக் கடை. மீன் கறிக்குப் பேர் போன இடம். ஒரு நாள் ஜப்பான் கத்தியைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார், மோகம் பிடித்துவிட்டது. “மீன் தலை வரைக்கும் தாங்கும் இக்கா. தேங்காய்ப் பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க” என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஆனால் அந்த ஊர் அடுக்களையில் வெட்டுக்கத்தி ஒன்றே சகல வேலையும் செய்யும். மரச்சீனிக் கிழங்கைப் பிளப்பதும் அதுதான், முதுகால் ஒரு தட்டுத் தட்டித் தேங்காயை உடைப்பதும் அதுதான். பழகிய கை சும்மா இருக்குமா?

தேங்காயை முதுகால்தான் அடித்தாராம். பிறகு அலகைச் சிரட்டைக்குள் விட்டு நெம்பியிருக்கிறார். கத்தி திரும்பி வந்தபோது முன்பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. கடினமான எஃகு வளையாது, உடையும் என்று விளக்கிக்கொண்டே மத்தியானம் முழுக்கத் தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்லில் தேய்த்துச் சரிசெய்தேன். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த இக்கா கடைசியில் கேட்டார்: “தேங்காயைக் கண்டு பேடிச்சு நடுங்குற கத்தி எனக்கு எதுக்கு அண்ணாச்சி?”

புளியும் சாம்பலும்

பக்கத்துச் செர்லாயிலிருந்து விசாலம் மாமி வருவார். பாலக்காட்டுத் தமிழ். காய்கறிக்கென்று இரண்டு பக்கமும் தீட்டிய ஜப்பான் கத்தி ஒன்று வாங்கிப் போனார். கொஞ்ச நாளில் அலகு சாம்பல் பூத்துக் கறுத்ததும் மாமிக்குப் பொறுக்கவில்லை. வெண்கலப் பானைக்குச் செய்கிற மரியாதையை அதற்கும் செய்துவிட்டார்: புளி, சாம்பல், தேங்காய் நார். சாயங்காலம் கண்ணாடியாக மின்னிய கத்தி, விடிந்து பார்த்தால் செம்மண் நிறம். போதாததற்கு எங்கள் ஊர் உப்புக் காற்று வேறு.

“அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை மாமி, அதுதான் கத்திக்குப் போர்வை. வெட்டினதும் கழுவுங்க, உடனே துடைங்க, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைங்க. அவ்வளவுதான்” என்றேன். மாமி கத்தியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “தேச்சு வெச்சாத் துருப்பிடிக்கும், தேய்க்காம விட்டா நன்னா இருக்கும்னா, இது எந்த ஊர் நியாயம்?”

துணியில் சுற்றி வந்தது

இதுவரை சொன்னது சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. வறீது சேட்டன் கதை அப்படியல்ல.

வறீது சேட்டன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஜப்பானில் ஒரு துறைமுகத்தில் வாங்கிய மீன் கத்தி ஒன்று அவரிடம் இருந்தது. விடுப்பில் வரும்போதெல்லாம் என் கடைக்கு வந்து, என் கல்லில், தானே தீட்டிக்கொள்வார். என்னைத் தொட விடமாட்டார். ஆள் வாயாடி. கப்பலில் எந்த நாட்டுக்காரன் எதைத் தின்றான் என்று சொல்லிச் சொல்லி என் வியாபாரத்தையே நிறுத்திவிடுவார். ஒரே ஒரு விஷயத்தில்தான் குரல் இறங்கும். ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப் போட்டவர், தன் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் அடுப்பு முன்னால் நின்றதில்லை. மகள் ஆலீஸ் கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்துக்கு மீனைத் தன் கையால் வெட்ட வேண்டும் என்று எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஆலீசுக்கு மாப்பிள்ளை நிச்சயமான வருஷம், விடுப்பில் வீட்டில் இருந்தபோதே அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. சில வாரங்கள் கழித்து அவர் மனைவி கிளாரா சேச்சி கடைக்கு வந்தார். முண்டுத் துணியில் சுற்றி வந்த பொருளை மேஜைமேல் வைத்தார். பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த கத்தியைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாராம், சாப்பாடு இறங்கவில்லையாம், யாரோடும் பேச்சில்லையாம். அதை விற்றுத் தரும்படி சேச்சி கேட்டார். நான் துணியைப் பிரித்தேன். அந்த மனுஷர் வைத்திருந்த கத்தியில் நான் அதுவரை துருவைப் பார்த்ததில்லை. அன்று புள்ளி புள்ளியாக ஏறியிருந்தது. ஒரு புள்ளியை விரலால் தேய்த்துப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேச்சியே மனசை மாற்றிக்கொண்டார்: “விற்க வேண்டா அண்ணாச்சி. அவர் கண்ணுல படாம இங்க இருந்தா மதி, அது போதும்.”

விலகி ஓடியது

துருவை எடுத்து, எண்ணெய் தடவி, உள் சுவரில் மாட்டினேன். மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் காலை, கிடங்குச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஒரு ஆள் வருவது தெரிந்தது. அடையாளம் தெரிய நேரமாயிற்று. வறீது சேட்டன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பேச்சு குழறினாலும் புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் நேராகச் சுவரைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் வாங்கினார்.

ஹம்சா இக்கா கடையிலிருந்து ஒரு அயிலை மீன் வாங்கி வந்து பலகையில் வைத்தேன். செதிலும் முள்ளும் தெரிந்த கைதானே, இடதாக இருந்தால் என்ன என்று எனக்கும் ஒரு நப்பாசை. கத்தி முள்ளை விட்டு விலகிச் சதைக்குள் ஓடியது. மறுபடி வைத்தார், மறுபடியும் ஓடியது. அவர் கையில் தப்பில்லை. அது வலது கைக்கென்று செய்த கத்தி, அதன் சுபாவத்தைத்தான் காட்டியது. சதை கந்தலானதைப் பார்த்து அவர் நெற்றியில் வியர்த்துவிட்டது.

இரண்டு பக்கமும் தீட்டிய கத்தி ஒன்றை எடுத்து நீட்டினேன், எந்தக் கைக்கும் ஆகும் என்றேன். வாங்கிப் பார்த்தார், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். “நல்ல கத்திதான் அண்ணாச்சி. ஆனா அதுக்கு என்னை அறியாது.”

தட்டைப் பக்கம்

அடுத்த தடவை வந்தபோது தீர்மானத்தோடு வந்தார். தட்டைப் பக்கத்தையும் சரிவாகத் தீட்டிக் கொடு என்றார். செய்யலாம். முழு இடது கைக் கத்தி ஆகாது, ஆனால் நேராக ஓடும். கஷ்டம் எங்கே என்றால், தேய்ப்பது அந்தக் கடின எஃகைத்தான். போனது போனதுதான். நாளை வலது கை வந்து கேட்டாலும் பழைய கத்தியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இதை அவரிடம் சொன்னேன். தலையாட்டினார்.

விஷயம் தெரிந்து கிளாரா சேச்சி ஓடி வந்தார். வைத்தியர் தைலம் போட்டுப் பிடித்துவிடுகிறார், போன வாரம் பெருவிரல் அசைந்திருக்கிறது, இந்த நேரத்தில் கத்தியை மாற்றினால் என்ன அர்த்தம்? அழுதுகொண்டே என்னிடம் சண்டை போட்டார். எனக்கும் மனசு வரவில்லை என்பதுதான் நிஜம். அவ்வளவு நல்ல கத்தியைத் துரு எடுத்ததோடு சரி, நான் அதுவரை கல்லில் வைத்ததில்லை, வைக்கிற முதல் வேலை இதுவாகவா இருக்க வேண்டும்? இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கடைக்காரன் என்ன செய்வான், உங்களுக்குத் தெரியாததா? தோதான கல் அக்கரையில் பிராட்வே கடைத்தெருவில் கிடைக்கவில்லை என்று சேட்டனிடம் சாக்குச் சொல்லி நாளைக் கடத்தினேன். சேச்சி போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “அந்தக் கத்தி அப்படியே இருந்தாத்தான் அந்தக் கை திரிச்சு வரும், பழையபடி ஆகும்னு எனக்கு ஒரு விசுவாசம்.”

வாழைத்தண்டு

கல்யாணம் நெருங்கியது. சேட்டன் கேட்க வரவில்லை, எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. ஒரு நாள் கடை திறக்கும்போது கிளாரா சேச்சி படியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் வாழைத்தண்டு வில்லைகள். முதலில் இருந்தவை கோணல், போகப் போக நேராகிக்கொண்டே வந்தன. சேட்டன் தினமும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, கிணற்றடியில் உட்கார்ந்து, ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் கத்தியை இடது கையில் பிடித்து வாழைத்தண்டு வெட்டிப் பழகுகிறாராம். சேச்சி மறைந்து நின்று பார்த்திருக்கிறார். வெட்டிக்கொண்டே கப்பல் கதைகளைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாராம். வீட்டில் மாதக்கணக்காக வாய் திறக்காத மனுஷர்.

சேச்சியே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “கை வரட்டும், வராம போகட்டும். ஆளு திரிச்சு வந்தாச்சு அண்ணாச்சி. நீ கத்தியைத் தேய்ச்சுக் கொடு.”

விருந்து

சக்கரச் சாணையில் வைத்தால் சூடேறி எஃகு கெட்டுவிடும். தண்ணீர்க் கல்லை ஊறப்போட்டு, கையாலேயே தேய்த்தேன். சேட்டன் பக்கத்தில் உட்கார்ந்து, அவ்வப்போது இடது கட்டை விரலால் அலகைத் தடவிப் பார்த்து, இன்னும், இன்னும் என்றார். கல்லில் வழிந்த கறுத்த தண்ணீரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. முடிந்ததும் துடைத்து, எண்ணெய் தடவி, அதே முண்டுத் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முற்றத்தில் பந்தல். பலகைக்கு முன்னால் வறீது சேட்டன், எதிரே பெரிய நெய்மீன். ஆலீஸ் மீனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், அவர் இடது கையால் வெட்டினார். கத்தி விலகவில்லை. கை மட்டும் இன்னும் முழுசாகப் பழகவில்லை. ஒரு துண்டு தடி, ஒரு துண்டு மெல்லிசு. உறவுக்காரர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேச்சி அடுக்களை வாசலில் நின்றுகொண்டு சேட்டனின் வலது கையைப் பார்க்கவே இல்லை, துண்டுகளைத்தான் பார்த்தார். கடைசித் துண்டு விழுந்ததும் சேட்டன் கத்தியைக் கழுவி, துடைத்து, எண்ணெய் கேட்டு வாங்கித் தடவினார். பிறகு மீனையும் என்னையும் பார்த்துப் பாதி முகத்தால் சிரித்தார். “கப்பல்ல இப்படி வெட்டியிருந்தா கேப்டன் என்னைக் கடல்ல எறிஞ்சிருப்பார் அண்ணாச்சி.”

அதற்கப்புறமும் ஜப்பான் கத்தி கேட்டு வருகிறவர்களிடம் எந்தக் கை என்றுதான் முதலில் கேட்டேன், பதில் சொல்லத் தயங்குகிறவர்களுக்கு மட்டும் சேட்டன் உட்கார்ந்த நாற்காலியை இழுத்துப் போட்டேன்.