சஹனில் காலியான என் இடம்

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று தெரிந்ததும் டொக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். நான் முழுதாகவே விட்டுவிட்டேன். பாண், ரொட்டி, பருப்பு, பால்மா எல்லாவற்றையும் விட்டேன். பிலிமத்தலாவையில் என் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் அப்படித்தான் மெலிந்திருந்தார். "ஆதிகாலத்து மனிசன் வேட்டையாடினதையும் பறிச்சதையும்தானே தின்டான். அவனுக்கு ஏது இந்த வருத்தம்?" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது.

காலையில் அவித்த முட்டையும் வல்லாரைச் சுண்டலும். பகலுக்குப் பொரித்த மீனும் மரக்கறியும், கூடவே ஸ்மூதி. ஆனைக்கொய்யாப் பழம், தேங்காயின் முதல் பால், ஒரு பிடி கீரை, கொஞ்சம் இஞ்சி எல்லாம் போட்டு அடித்தது. சீனி ஒரு துளியும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தால் எங்கள் வீட்டில் சஹன் சாப்பாடு. சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. சோறும் கறியும் அதில் போட்டிருக்கும். சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். நான், என் இரண்டு மகன்மார், சின்ன மகள், நாலு பேரும் பாயில் உட்காருவோம். சோற்றை விட்டபிறகு நான் மட்டும் என் தட்டோடு மேசைக்குப் போய்விட்டேன். மனைவி அந்த நேரம் குசினியில் எனக்கு மீன் பொரித்துக்கொண்டிருப்பாள்.

"ஒங்கள வேற, புள்ளைகள வேற எண்டு ஆக்கிட்டீங்க," என்று ஒருநாள் சொன்னாள். இரண்டு சமையல் சமைக்கிற அலுப்பில் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் மகள் சாப்பாடு முடிந்ததும் மேசைக்கு வரத் தொடங்கினாள். "வாப்பா, ஸ்மூதி மிச்சமா?" என்பாள். கொடுத்தால் கிளாசின் அடிவரை குடிப்பாள். எனக்குப் பெரிய சந்தோசம். இந்த வயதிலேயே நல்ல சாப்பாட்டில் ஆசை வந்துவிட்டது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கரண்ட் இல்லை. ஸ்மூதி அடிக்க முடியவில்லை. மகள் வந்து மேசையைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"கரண்ட் வந்தா அடிச்சித் தாரேன் மகள். சோறு தின்டீங்கதானே?"

அவள் அண்ணன்மாரைத் திரும்பிப் பார்த்தாள். பெரியவன்தான் பாயிலிருந்து சொன்னான். "அவ ஒரு பருக்கைய ஒரு மணித்தியாலம் மெல்லுறா வாப்பா. நாங்க என்ன செய்ற?"

"கோழி நடந்து வந்து அவட வாயில ஏறணும்," என்றான் மற்றவன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சஹனைப் பார்த்தேன். துடைத்து வைத்தது போலக் கிடந்தது. அப்போதுதான் விளங்கியது. முன்பெல்லாம் நான் அவளுக்காக மெதுவாகச் சாப்பிடுவேன். இறைச்சியை அவள் பக்கம் தள்ளிவிடுவேன். வாப்பா இன்னும் சாப்பிடுகிறார் என்று மகன்மாரும் கையை அடக்குவார்கள். நான் எழும்பிப் போனதும் அடக்க ஆளில்லை. பொடியன்மாருக்கு அந்த வயதுப் பசி. அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

"பசிக்குதா?"

ஓமென்று தலையை ஆட்டினாள்.

"ஸ்மூதி புடிக்கும்தானே?"

"இல்ல வாப்பா. கீரை மணக்குது."

மனைவி தனக்கு எடுத்து வைத்திருந்த சோற்றைக் கொண்டுவந்து மகளுக்குக் கொடுத்தாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். என் உடம்பைப் பார்க்கிறேன் என்று நான் முட்டையும் மீனும் தின்றுகொண்டிருக்க, கையெட்டும் தூரத்தில் என் பிள்ளை பசியோடு இருந்திருக்கிறாள்.

அடுத்த வெள்ளி என் தட்டைப் பாயில் வைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சோற்றைத் தொடவில்லை. மீனை மெதுவாகப் பிய்த்துச் சாப்பிட்டேன். மகன்மார் என் கையைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

"வாப்பா இவ்வளவு நாளும் பாக்காம இருந்துட்டேன் மகள்," என்றேன்.

"பரவால்ல," என்றாள், கோழித் துண்டிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவ்வளவு இலகுவாக அவள் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.