அண்டாவில் பரவிய சூடு

ஆந்திரா தனி ராஜ்யமாகி, திருத்தணி யாருக்கு என்று இழுபறி நடந்துகொண்டிருந்த காலம். அந்தத் திருத்தணியிலிருந்துதான் திருப்பதிக்கு என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணை எந்த ராஜ்யத்துக்கு அனுப்பப் போகிறேன் என்றே தெரியாமல் சொஜ்ஜி கிளறச் சொன்ன அப்பன் நான்.

மலையில் முடி கொடுத்துவிட்டு, வழியெல்லாம் மழையில் நனைந்து, மொட்டைத் தலைகளோடு நடுங்கிக்கொண்டு வந்து நின்றார்கள். எங்கள் விறகும் நனைந்து கிடந்தது. காய்ந்ததாக மிஞ்சிய கட்டைகளை எரித்து, காபிக்கென்று என் மனைவி ஒரு தவலைத் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா தும்மினார். இந்தச் சம்பந்தம் ஜுரத்திலேயே போய்விடும் என்று முடிவுகட்டி, கொதிக்கிற தவலையைத் தூக்கிக்கொண்டு ஓடி, கொல்லையில் அண்டா நிறைய இருந்த பச்சைத் தண்ணீரில் கவிழ்த்தேன். எல்லோரும் வெந்நீரில் குளிக்கலாமே! கையை விட்டுப் பார்த்தேன். சில்லிப்பு கொஞ்சம் விட்டிருந்தது, அவ்வளவுதான்.

மனைவி ஃபில்டரோடு வந்தாள். "இன்னாங்க, காபிக்கு வெச்ச தண்ணி எங்க?"

பள்ளியில் பௌதிகம் நடத்துகிறவன், விடுவேனா? "சூடு எங்கியும் போவல. மொத்தமும் இந்த அண்டாவுலதான் கீது."

"அப்ப அத்த எடுத்து இதுல ஊத்துங்க."

சக்தி அழியாது என்று வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதியவன், அடுத்த பாடமான என்ட்ரோபியை அன்றுதான் படித்தேன். தவலைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தவரை அந்தச் சூட்டுக்கு டிகாக்‌ஷன் இறக்கும் தெம்பு இருந்தது. அண்டாவெங்கும் பரவிய பிறகு அது அழியவில்லைதான். ஆனால் தானாக மறுபடி ஒரு மூலையில் கூடி நிற்கவும் போவதில்லை. புதிதாக எதையாவது எரித்தாக வேண்டும்.

"நைனா, அவங்க காபி கேட்டுக்கினு கீறாங்க!" என்று மகள் உள்ளிருந்து கிசுகிசுத்தாள்.

கண்ணில் பட்டது, மாப்பிள்ளை உட்காரத் துடைத்து வைத்திருந்த மணைப்பலகை. கோடாலியை எடுத்தேன்.

காபி ஆவி பறக்க வந்தது. மாப்பிள்ளை டம்ளரோடு நின்றுகொண்டே இருந்தார். அவருடைய அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இன்னா வாத்தியாரே, புள்ள உக்கார ஒரு மணை கூடவா இல்ல?"

"அத்தத்தான் குடிச்சுக்கினு கீறாரு" என்றாள் என் மனைவி.

கதவுக்குப் பின்னால் மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். மாப்பிள்ளைக்குப் புரையேறியது. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு பெரியவரும் சிரித்தார். "பொண்ணு நல்லா சிரிக்குது. தட்டக் கொண்டாங்க."

வெற்றிலைத் தட்டை நின்றபடியேதான் மாற்றிக்கொண்டோம்.