பாவா ஆதம் மலையும் உம்மா தொடாத மீனும்

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. சோறு வெந்ததா என்று மூன்று தடவை கேட்பேன். பஸ் வரும்வரை நிற்கமாட்டாமல் அடுத்த ஊருக்கு நடந்துவிடுவேன். இந்தக் குணத்தால் நான் கெடுத்த காரியங்கள் எத்தனையோ உண்டு. அதில் பெரியது ஒரு மலை.

பெரியபட்டினத்தில் மலை ஏது? ஏறிப் பார்க்க மணல்மேடும் பள்ளிவாசல் மினாராவும்தான். ஆனாலும் எங்கள் வீட்டுப் பேச்சில் எப்போதும் ஒரு மலை இருந்தது. இலங்கையில், காட்டுக்கு நடுவே தன்னந்தனியாக நிற்கும் பாவா ஆதம் மலை. கொழும்புக்குத் தோணி ஓட்டிய வாப்பா, கரை தெரியும் முன்பே அதன் உச்சி தெரியும் என்றும், கண்டதும் தோணியில் எல்லாரும் பாத்திஹா ஓதுவார்கள் என்றும் உம்மாவிடம் சொல்லியிருந்தார். எனக்கு ஐந்து வயதில் பெரியம்மை போட்டது. அதே வாரம் வாப்பாவுக்கும் போட்டு, அவர் பிழைக்காமல் மவுத்தாகிவிட்டார். உம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து நேர்ச்சை வைத்தாள். இந்தப் பிள்ளை பிழைத்து வளர்ந்து அந்த உச்சியில் கால் வைக்கிறவரைக்கும் நான் மீன் தொடமாட்டேன் என்றாள்.

நான் பிழைத்தேன். உம்மா மீனை விட்டாள். கடற்கரையில் பிறந்தவளுக்கு அது என்ன என்பது உள்நாட்டுக்காரர்களுக்குப் புரியாது. தினமும் எனக்கு மீன் குழம்பு, எங்கள் பேச்சில் மீன் ஆணம், காய்ச்சி, ருசி பார்க்க முடியாமல் கரண்டியை என்னிடம் நீட்டுவாள். "உப்புப் பாருலே" என்பாள். பிறகு தனக்கு என்று வைத்த பருப்பாணத்தை ஊற்றிக்கொள்வாள்.

பள்ளிக்கூடத்தில் நிலப்படம் கையில் கிடைத்த நாளிலிருந்து அந்த மலையைத்தான் தேடினேன். ஏழாயிரம் அடிக்கு மேல் உயரம். சுற்றிலும் யானையும் சிறுத்தையும் திரியும் காடு. அதன் சரிவுகளிலிருந்து ஆறுகள் இறங்குகின்றன. உச்சிப் பாறையில் ஒரு பாதச்சுவடு. ஆதம் நபி சொர்க்கத்திலிருந்து இறங்கி வைத்த கால் என்பது எங்கள் நம்பிக்கை. சிவனுடையது, புத்தருடையது, தோமையாருடையது என்று மற்றவர்கள் ஆளுக்கொரு சொந்தம் கொண்டாடினார்கள். யாரும் யாரையும் தள்ளிவிடாமல் எல்லாரும் ஏறினார்கள். ஏறுவதற்கு அந்தக் காலத்து மன்னர்கள் பாறையில் இரும்புச் சங்கிலி அடித்துவைத்தார்களாம்.

முன்பெல்லாம் உச்சிப்புளியில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறினால் இலங்கை. சுதந்திரத்துக்குப் பிறகு பாஸ்போர்ட், விசா என்று ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். அலைந்து அலைந்து என் இருபத்திரண்டாம் வயதில் ஒரு மாத விசா கிடைக்கும் என்றார்கள். எந்த மாதம் என்பதை மட்டும் நாங்கள் சொல்ல வேண்டும்.

"மார்கழியில வேணாம். மழையும் புயலுமாக் கெடக்கும்" என்றாள் உம்மா. "ஆடியில போ. ஆடிக் காத்துல அம்மிதான் பறக்கும், ஒரு பொட்டு மழை விழாது."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் கரையில் ஆடி என்றால் கண்ணில் மண்ணை அள்ளிப் போடும் காற்று, அவ்வளவுதான். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டுக்கொண்டு உட்கார நான் என்ன பொறுமைசாலியா?

மலைக்குப் போகிற வழியில் இருக்கும் அட்டனில் மாமா, உம்மாவின் தம்பி, துணிக்கடை வைத்திருந்தார். நனைந்த கோழியாக அவர் கடைவாசலில் போய் நின்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தார்; பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏலே, கூறு இருக்கா உனக்கு? இங்கன மழைக்காலமே ஆடிதான்டா. மார்கழியிலருந்து வைகாசி வரைக்கும்தான் சனம் மலையேறும். இப்ப அங்கன ஒரு ஈ காக்கா இருக்காது."

அதே காற்றுதான். எங்களுக்குப் புழுதி, அவர்களுக்கு மழை. இருபது நாள் மழை விடுமென்று அந்தக் கடைக்குள் கூண்டுப் புலியாக நடந்தேன். கடைசியில், "நான் போறேன் மாமா" என்றேன். "ரெண்டு நாள் பொறு, மழை விட்டு வானம் வெறிக்கிற மாதிரி இருக்கு" என்றார். பொறுக்கவில்லை.

அடிவாரத்து ஆறு வரைக்கும் மாமா கூட வந்தார். முழங்கால் வலியால் அங்கேயே ஒரு மடத்தில் தங்கிவிட்டார். நான் தனியாக ஏறினேன். படிக்கட்டில் தண்ணீர் ஓடை போல இறங்கியது. கால் முழுக்க அட்டை. ஒரு சிட்டிகை உப்பு வைத்தால் சுருண்டு விழும். உப்பளத்து ஊர்க்காரன் ஒரு பொட்டலம் உப்பு கொண்டுபோகவில்லை. ஐந்து மணி நேரம் ஏறியிருப்பேன். சங்கிலி கையில் தட்டுப்பட்டது. மேகம் மூடி, நீட்டிய கையே தெரியவில்லை. காற்று என்னைப் பாறையிலிருந்து பிய்த்தது. கால் வழுக்கி ஒரு ஆள் உயரம் சரிந்தேன்.

பயந்துவிட்டேன். இதை வேறு எப்படிச் சொல்வது? திரும்பி இறங்கினேன்.

கொஞ்சம் இறங்கியதும் தலைக்கு மேலே எங்கேயோ ஒரு வெண்கல மணி ஒலித்தது. காற்று அதை ஆட்டியிருக்க வேண்டும். நான் நிற்கவில்லை.

கீழே வந்து மணி கேட்டதை மாமாவிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அந்த மணி உச்சியிலதான் இருக்கு" என்றார். மறுநாளும் அதற்கு மறுநாளும் வெயிலடித்தது. என் கணுக்கால் வீங்கிக் கிடந்தது. விசாவும் முடிந்தது.

ஊருக்கு வந்தபோது வாசலிலேயே மீன் ஆணம் மணத்தது. விளமீன். "கால் வச்சியா?" என்று கேட்டாள் உம்மா. "வச்சேன்" என்றேன். அவள் தனக்கும் ஒரு தட்டு வைத்து, பிஸ்மி சொல்லி, பதினேழு வருஷத்துக்குப் பிறகு மீனைப் பிட்டாள். கை வாய்க்குப் போகிற நேரத்தில் என்னால் முடியவில்லை.

"உம்மா, சங்கிலி வரைக்கும்தான் போனேன்."

அவள் திட்டவில்லை. பிட்டதை என் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவினாள். "உனக்கு வயசிருக்கு. இன்னொருக்கா போகலாம்" என்றாள்.

வருஷா வருஷம் விசாவுக்கு எழுதினேன். வருஷா வருஷம் இல்லை என்று வந்தது. பிறகு புயல் வந்து தனுஷ்கோடியை அழித்தது. தண்டவாளம், கப்பல்துறை, ரயில், சனம், எல்லாம் கடலுக்குள். கடல் செத்துப்போன அத்தனை பேரின் மையித்துகளையும் வைத்திருந்ததால் எங்கள் ஊரில் பல மாதம் யாரும் மீன் தொடவில்லை. அந்த மாதங்களில் மட்டும் ஊரே உம்மாவைப் போலச் சாப்பிட்டது.

ஊர் மறுபடி மீனுக்குத் திரும்பியதும் நானே போய் ஒரு விளமீன் வாங்கிவந்தேன். ஆணம் கொதித்து இறங்கியது. அவள் தட்டில் ஒரு துண்டை வைத்தேன்.

"தின்னுங்க உம்மா. இனிமே நேர்ச்சை உங்களைக் கட்டாது. போற வழியே போச்சு."

உம்மா பருப்பாணத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"வழிதானே போச்சு" என்றாள். "மலை அங்கனதானே இருக்கு."

துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். "உப்புப் பாருலே" என்றாள். உப்பு சரியாக இருந்தது.