பெரிய லென்ஸும் மேரி அக்காவின் கேள்வியும்

முதல் சர்வீஸிலேயே நடுவர் என் பக்கம் கையை ஆட்டினார். “அபாங், பிளாஷ் தாக் போலே!” பிளாஷ் கூடாது என்று மலாயில் சொன்னார். கூலாய் ஊரில் ஒரு பேட்மிண்டன் ஹால். உள்ளரங்க விளையாட்டைப் படமெடுக்க நான் போன முதல் நாள் அது.

அனுப்பியவர் எங்கள் தெரு மேரி அக்கா. செனாய் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. “என் மகளுக்கு முட்டி ஆபரேஷன் வருது, அதுக்கு அப்புறம் ஆடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு தம்பி. இதான் அவளோட கடைசி மேட்ச். என்னால பாக்க முடியாது, நீங்க எடுத்துக் குடுங்க” என்றார்.

என்னிடம் இருந்தது நீளமான 70-300 எம்எம் ஸூம் லென்ஸ். வாங்கும்போதே ஸ்கூடாயில் செகண்ட்ஹேண்ட் கேமரா கடை வைத்திருக்கும் செல்வம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “அலமாக்! ஹாலுக்கு 85 எம்எம் லென்ஸ், அபர்ச்சர் 1.8 போதும் லா. விலையும் கம்மி. இந்த ஸூமை நீட்டினா அபர்ச்சர் 5.6க்குச் சுருங்கிடும், வெளிச்சம் உள்ள போகாது.”

கேட்டேனா? கல்யாண வீடுகளில் லென்ஸின் நீளத்தைப் பார்த்துத்தான் போட்டோக்காரனுக்கு மரியாதை. எனக்கு அந்த மரியாதை வேண்டியிருந்தது.

ஐஎஸ்ஓவைக் கேமரா தாங்கும் மட்டும் ஏற்றியும் ஷட்டர் வேகம் 1/125 நொடியைத் தாண்டவில்லை. ஸ்மாஷுக்குக் குறைந்தது 1/500 வேண்டும். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது, நம்பிவிட்டேன். மேரி அக்காவின் மகள் முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு மூன்று செட் ஆடி ஜெயித்தாள்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால், அடித்த அடியெல்லாம் கலங்கல். அவள் வியர்வை துடைத்தது, தண்ணீர் குடித்தது, கோப்பையோடு நின்றது, இவைதான் தேறின. அவற்றையே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

மேரி அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். திட்டவில்லை.

“எல்லாத்துலயும் நின்னுக்கிட்டே இருக்காளே தம்பி. ஆடவே இல்லையா?”

எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுவாரமே ஸூமை விற்றுவிட்டு, செல்வம் அண்ணன் கடையில் ஒரு பழைய 85ஐ வாங்கினேன். அவர் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை, அது இன்னும் சுட்டது. இன்றைக்கும் அதே லென்ஸ்தான். அதில் ஸூம் கிடையாது, அதனால் கோர்ட் ஓரம் தரையில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். இப்போதெல்லாம் எழுந்திருக்க இடுப்பு சம்மதிப்பதில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஹாலுக்கு நீளத்தை வாங்காதீர்கள், வெளிச்சத்தை வாங்குங்கள்.

போன மாதம் அதே ஹாலில் ஒரு பெண் துள்ளி அடித்த ஸ்மாஷை எடுத்தேன். பந்தின் இறகுகளை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. ஆனால் படத்தில் இருந்தது மேரி அக்காவின் மகள் இல்லை.